யுன் இறங்கிய இடம்

போன கிழமை யூனியன்வில்லிலிருந்து வேலைக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர்கள் இரண்டு பேர் ஏறினார்கள். நான் ஏறும்போதே பயண அட்டையை இயந்திரத்தில் தட்டியிருந்தேன். அது ‘பீப்’ என்று சொன்னதையும் காதால் கேட்டிருந்தேன். இருந்தும் பையைத் திறந்து அட்டையைத் தேடத் தொடங்கிவிட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான். சீருடை போட்ட யாராவது பஸ்ஸுக்குள் ஏறினால், அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் என்னை விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். பக்கத்து இருக்கையில் ஒரு சீன அம்மா, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவர்போல, ஆரஞ்சு நிறத்தில் சின்னத் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். தோடம்பழத் தோலின் மணமும் சீருடையும் ஒன்றாக வந்ததுதான் தாமதம், நான் கனடாவில், மார்க்கம் நகரத்தில் இல்லை. சீனாவின் யுனான் மலைப்பாதையில், தலையோடு தலை முட்டக் குலுங்குகிற ஒரு பழைய பஸ்ஸுக்குள் இருந்தேன்.

சீனாவுக்கு நான் போன கதையை உங்களுக்குச் சொன்னேனா தெரியாது. பல்கலைக்கழகம் முடித்து, வேலைக்கு எழுதிப்போட்டு, ஒருவரும் பதில் போடாத காலம். தொண்டர் ஆசிரியராக ஒரு வருடம் ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேவை என்று எங்கோ பார்த்தேன். தங்க இடம் தருவார்கள், சாப்பாடு தருவார்கள் என்றார்கள். சேவை மனப்பான்மை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், வீட்டில் அம்மா தினமும் வேலை கிடைத்ததா என்று கேட்பதிலிருந்து தப்புவதற்கு அது ஒரு நல்ல தூரமாகத் தெரிந்தது.

அம்மா சம்மதிக்கவில்லை. “குண்டுக்குப் பயந்து உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனாங்கள். இப்ப நீ ஆரும் துரத்தாமலே ஓடுறாய்” என்றார். அப்பா ரொறொன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். அதிகம் கதைக்கிற மனிதர் இல்லை. விமான நிலையத்தில் என் பையைக் கையில் தந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “பாஸ்போர்ட்டை ஒருத்தரிட்டையும் குடாதை, பிள்ளை.”

பாஸ்போர்ட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குளியலறைக்குப் போன ஒரே தொண்டர் ஆசிரியை நானாகத்தான் இருக்கும்.

யுனானின் மேற்குப் பக்கத்தில், பர்மா எல்லைக்கு அதிக தூரமில்லாத ஒரு சின்ன நகரம். கனடாவிலிருந்து ஆசிரியை வருகிறார் என்று கேள்விப்பட்டு, பொன்னிறத் தலைமயிரோடு ஒருத்தியை எதிர்பார்த்து வாசலில் நின்ற பிள்ளைகளின் முகம் என்னைக் கண்டதும் எப்படி மாறியது என்பதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம். அன்றைக்கு அந்த வாசலிலிருந்து வகுப்பறை வரை நடந்த நடை சிரிக்கக்கூடியதாக இருக்கவில்லை. உண்மையிலேயே கனடாதானா என்று ஒரு பெண் கேட்டாள். ஓம் என்றேன். சொல்லிவிட்டு, களவு பிடிபட்டவள்போல இடுப்பில் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

அந்தப் பயத்தோடு என்னைச் சேர்த்துக்கொண்டவள் யுன். அதே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தாள். என் வயதுதான். பக்கத்து அறை. சின்ன உருவம், பெரிய செருப்புச் சத்தம். எனக்குத் தலையிடி என்றாலும் சுடுதண்ணி குடி என்பாள், வயிற்றுக்குத்து என்றாலும் சுடுதண்ணி, வீட்டை நினைத்து அழுதாலும் சுடுதண்ணி. தானே போத்தலில் நிரப்பிக்கொண்டு வந்து வைப்பாள். சந்தைக்குப் போகும்போது என் கையைக் கோத்துக்கொண்டுதான் நடப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தொலைபேசி அட்டை சுரண்டி எடுத்து, பாம்பைச் சமைத்துத் தந்துவிட்டார்களா என்று விசாரிக்கும்போது, யுன் பக்கத்தில் இருந்து “அம்மா, அம்மா” என்று கூப்பிடுவாள். இந்த ஒரு சொல் உலகம் முழுக்கச் செல்லும் என்பது அவளுடைய நம்பிக்கை.

குளிர்கால விடுமுறை வந்தது. சீனப் புதுவருடத்துக்கு யுன் தன் ஊருக்கு வரச்சொன்னாள். அந்த நேரம் பார்த்து என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. விசா புதுப்பிக்க மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தது. அங்கே விடுமுறைக்குக் கதவு பூட்டியாயிற்று. பள்ளிக்கூடம் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து, அதில் சிவப்பு முத்திரை குத்தித் தந்தது. வழியில் காட்ட இது மட்டும் காணுமா என்று யுன்னிடம் கேட்டேன். காணும் என்றாள். அடுத்தநாளும் கேட்டேன். பஸ் நிலையத்திலும் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் எனக்கு ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தாள்.

அது புதுவருடத்துக்கு முந்தின நாள். பஸ் முழுக்க ஊருக்குப் போகிற சனம். கோழி, அரிசி மூட்டை, பிளாஸ்டிக் வாளி, காலுக்குக் கீழே தோடம்பழப் பெட்டிகள். மலையில் ஏறி ஏறி ஒரு வளைவில் பஸ் நின்றது. தடுப்புக் கம்பி. எல்லைப் பொலிஸ். இளம் பொலிஸ்காரன் ஒருவன் ஏறி ஒவ்வொருவருடைய அடையாள அட்டையாக வாங்கிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

அவன் என் வரிசைக்கு வருமுன்பே நான் கொப்பியை வெளியே எடுத்துவிட்டேன். கொப்பியை நீட்டினேன். அவன் கொப்பியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பவும் கொப்பியைப் பார்த்தான். பர்மாவிலிருந்து களவாக வந்தவள் என்று நினைத்திருக்கலாம். நான் கனடாவிலிருந்து வந்த ஆசிரியை என்று எனக்குத் தெரிந்த சீனத்தில் சொன்னேன். ஆசிரியர் என்றால் ‘லாவ்ஷி’. பயத்தில் என் நாக்கு அதை ‘லாவ்ஷு’ என்று இழுத்துவிட்டது. அப்படியென்றால் எலி. நான் கனடாவிலிருந்து வந்த எலி. முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். பொலிஸ்காரன் சிரிக்கவில்லை. இறங்கு என்று கையைக் காட்டினான்.

ஊரில் சண்டைக்காலம், எனக்கு எட்டு வயதிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து எங்களுடைய பஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஏறி அப்பாவை மட்டும் இறங்கச் சொன்னான். அப்பா அம்மாவைப் பார்த்து இரு என்று கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸை எடு என்று சாரதிக்குச் சத்தம் போட்டார்கள். பஸ் வெளிக்கிட்டது. நான் யன்னலால் எட்டிப் பார்க்க, அம்மா என் தலையைப் பிடித்துத் தன் மடிக்குள் அமத்தினார். மடியில் தம்பியும் இருந்தான். அம்மா இறங்கியிருக்க ஏலாது. பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. அப்பா சில நாட்கள் கழித்து நடந்து வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கனடா வந்து பார்க்டேலில் முதல் வாடகை வீட்டில் இருந்தபோதும், பிறகு சொந்த வீடு வாங்கியபோதும் அந்தப் பஸ்ஸைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

மலைப்பாதையில் நான் இறங்கி நின்றேன். சாரதி ஹோர்ன் அடித்தான். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெரிய செருப்புச் சத்தம் கேட்டது. யுன் தன் பையையும் என் பையையும் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவளுடைய அடையாள அட்டையில் ஒரு பிழையும் இல்லை. அவளை ஒருவரும் இறங்கச் சொல்லவுமில்லை.

ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் ஞாபகம் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழாக்கி வைத்துவிட்டது.

“பஸ் நாளைக்கும் வரும்.”

அது பொய். மறுநாள் புதுவருடம். அந்தப் பக்கம் பஸ் ஓடாது.

உள்ளே ஒரு சின்ன அறை. நடுவில் கரி அடுப்பு. அதன் விளிம்பில் யாரோ தோடம்பழத் தோல்களைக் காயப் போட்டிருந்தார்கள். வயது கூடிய ஒரு அதிகாரி பள்ளிக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஒருவரும் எடுக்கவில்லை. பள்ளிக்கூட அதிபருக்கு எடுத்தார். அதிபர் தன் ஊருக்குப் போய்விட்டார், போன் அணைந்திருந்தது. யுன் தனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் மாறி மாறி அழைத்தாள். தன் வீட்டுக்கும் எடுத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் சுவரோரத்து நீள மர வாங்கில் உட்கார்ந்து, கனடாத் தூதரகம் எத்தனை மலைக்கு அங்கால் இருக்கும், அம்மாவுக்கு யார் அறிவிப்பார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்ன ஒரே ஒரு புத்தி. அதையும் காப்பாற்றவில்லை.

திடீரென்று வெளியே படபடவென்று வெடித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் வாங்குக்குக் கீழே, காதைப் பொத்திக்கொண்டு, குந்தியிருந்தேன் என்பதுதான். கீழே இருந்த ஊரில் புதுவருடத்துக்குச் சீனவெடி கொளுத்தியிருக்கிறார்கள். நான் வெளியே வரும்போது வெட்கத்தால் செத்துவிடலாம்போல இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை இறக்கிய இளம் பொலிஸ்காரன் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினான். பிறகு ஒரு கோப்பையில் சுடுதண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். யுன் அவனோடு மெல்லிய குரலில் ஏதோ கதைத்தாள். என் நாட்டில் சண்டை நடந்தது என்று சொல்லியிருக்கவேண்டும். கனடாவிலா என்று அவன் திகைத்துப்போய்க் கேட்டது எனக்கே விளங்கியது.

பின்னேரம் சரியத் தொடங்கிய பிறகுதான் அதிபரின் குரல் கிடைத்தது. அவர் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அதிகாரி ஓம் ஓம் என்று தலையாட்டி, கொப்பியை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். கரும்பு ஏற்றிவந்த ஒரு லொறியை மறித்து, எங்கள் இருவரையும் அவரே ஏற்றிவிட்டார்.

யுன்னின் ஊர்ச் சந்தியில் அவளுடைய அப்பா நின்றார். பஸ் வந்த நேரத்திலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார். உன் மகளைப் பொலிஸ் இறக்கிவிட்டது என்று மட்டும் சாரதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோதுதான், நான் வாங்கில் இருந்து நடுங்கிய அவ்வளவு நேரமும் இங்கே ஒருவர் நின்று நடுங்கியிருக்கிறார் என்பது உறைத்தது. மன்னிப்புக் கேட்கச் சீனத்தில் சொல் தேடினேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் சாப்பாடு ஆறுகிறது என்று சொல்லி முன்னால் நடந்தார். மேசையில் ஒரு முழு மீன் இருந்தது. அதை முடிக்கக்கூடாது, மிச்சம் வைத்தால்தான் அடுத்த வருடமும் மிச்சம் இருக்கும் என்று யுன் சொல்லித் தந்தாள். எனக்குப் பசியில் அந்தச் சடங்கு பெரிய சோதனையாக இருந்தது.

ரொறொன்ரோவுக்குத் திரும்பிவந்து கொஞ்ச நாள் இந்தக் கதையை வீட்டில் சொல்லாமல் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, அம்மா கடைக்குப் போன நேரம், குசினியில் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் சொன்னேன். பாஸ்போர்ட்டுக்குப் பேச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“அந்தப் பிள்ளை தானாத்தான் இறங்கினவளோ?”

“ஓம், அப்பா.”

அப்பா யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு, என்னிடம் இல்லாமல் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

“அண்டைக்கு எங்கடை பஸ்ஸிலை அவ்வளவு சனம் இருந்தது.”

அந்தப் பஸ்ஸைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். அம்மா சாமான் பையோடு உள்ளே வர, எழும்பிப்போய் வாங்கி வைத்தார்.

அடுத்த சீனப் புதுவருடத்துக்கு நான் யுன்னுக்குத் தொலைபேசி எடுத்தபோது, அப்பா தானும் கதைக்கவேண்டும் என்று கையை நீட்டினார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். “தேங்க் யூ, மகள்” என்றார். அந்தப் பக்கம் யுன் என்ன சொன்னாள் என்று தெரியாது. அப்பா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனைத் திருப்பித் தந்தபோது கண் கலங்கியிருந்தது.

அப்பா இப்போது இல்லை. அந்த மலையைக் குடைந்து பெரிய சாலை போட்டுவிட்டார்கள் என்று யுன்தான் ஒருமுறை எழுதியிருந்தாள்; வளைவுகளில் ஏறுகிற பழைய பஸ் நின்றுபோனதாம். பிறகு அவள் பள்ளிக்கூடம் மாறினாள், கலியாணம் கட்டினாள், ஏதோ ஒரு கட்டத்தில் எழுதுவதும் நின்றது. யார் முதலில் நிறுத்தியது என்று நினைவில்லை. ஒவ்வொரு சீனப் புதுவருடத்துக்கும் அவளுடைய பழைய எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பேன். முதலில் சும்மா மணி அடித்தது. பிறகு, அப்படி ஒரு எண் இல்லை என்று ஒரு பெண்ணின் பதிவுக் குரல் சொல்லத் தொடங்கியது. அதைக் கேட்டு விளங்குகிற அளவுக்கு அப்போது எனக்குச் சீனம் இருந்தது. இந்த வருடமும் அழைத்தேன். அதே குரல்தான். இப்போது அது என்ன சொன்னதென்று எனக்கு விளங்கவில்லை.