காணி உறுதி இருந்தது, பிஸ்கட் இல்லை

லண்டன் பார்க்கிங் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவருகே இருபது வருடமாக, அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை தொங்குகிறது. இலங்கையில், ஊரில் போர்க்கால ஷெல்லடிக்குப் பயந்து ஓடிய நாட்களில் வந்த பழக்கம்.

போன மாதம், நீரிழிவுக்காரரான என் கணவர் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம், தெருவில் காஸ் கசிகிறதென்று எல்லோரையும் வெளியேற்றினார்கள். சோற்றை அப்படியே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அரை மணி நேரத்தில், தெருமுனையில் நின்ற அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"சீனி இறங்குது. ஏதும் இனிப்பு இருக்கோ?" என்றார்.

பையைக் கொட்டினேன். ஊர்க் காணியின் உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாணப் படங்கள். பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் பிள்ளையின் ஜூஸைக் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

தெளிந்ததும் அவர் உறுதியைப் பார்த்தார். "இதை ஏனப்பா இன்னும் காவிக்கொண்டு திரியிறாய்? அங்க இப்ப ஆர் இருக்கினம்?"

உறுதியை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

இப்போது பையில் குளுக்கோஸ், பிஸ்கட், மருந்துப் பட்டியல், மகளின் நம்பர் எழுதிய தாள் எல்லாம் இருக்கின்றன. மாதம் ஒருமுறை காலாவதித் திகதி பார்த்து மாற்றுகிறேன். உறுதியை வெளியே எடுக்க மட்டும் மனம் வரவில்லை. அது அடியில் கிடக்கிறது, மேலே பிஸ்கட்.