புல்தரையை வெட்டியவள்

குன்னூருக்கு மேலே நான் ஒருகாலத்தில் வேலை பார்த்த எஸ்டேட்டின் பெரிய பங்களாவை இப்போது சிற்பக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். வாசலில் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சுற்றிக்காட்டும் பெண் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, செருப்புப் போட்டுட்டே வாங்க. இது என்ன கோயிலுங்களா?"

அறுபது வயதுக்கு மேலும் துரை வீட்டு வாசலில் கால் கூசுகிறது என்றால் என்னை என்ன சொல்ல!

உள்ளே மரத்தரையில் மெழுகு வாசனை. அந்த வாசனையைப் பின்வாசலில் நின்றே எனக்குப் பழக்கம். கீழே பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகையில், நான் ஆயா. பால்மாவு வாங்க இங்கே வருவேன். முன்வாசலைப் போன வாரம்தான் மிதித்தேன்.

தோட்டத்துப் புல்தரையின் நடுவே ஒரு கருங்கல் சிலை. முதுகில் கூடையோடு சிரிக்கிற கொழுந்துக்காரி.

"இந்தம்மா பேரு என்னங்க?" என்றேன்.

"பேரெல்லாம் இல்லீங்க மேடம். பொதுவா ஒரு பொண்ணு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. இதே புல்தரையில் நின்ற ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளுக்குப் பேர் உண்டு. ராசம்மா அக்கா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாங்கள் லைன் என்போம், அவள் கடைசிவரை லயம் என்றுதான் சொன்னாள். சிரிப்பெல்லாம் அவளிடம் சுலபத்தில் வராது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம்தான் வளர்ந்தார்கள்.

ஒரு ஐப்பசி மழையில், புல் அழுகுகிறது என்று துரை வாய்க்காலைத் திருப்பிவிட்டார். தண்ணீர் நேராக எங்கள் லைனுக்கு வந்தது. மூன்று முறை ஆபீசில் போய்ச் சொன்னோம். "பாக்கலாம், போங்க" என்றார்கள். நாலாம் நாள் மத்தியானம் ராசம்மா அக்கா வீட்டுப் பின்சுவர் விழுந்தது. காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்த சின்னவனின் கால் அதில் மாட்டிக்கொண்டது.

சத்தம் கேட்டு நான் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஓடிப்போனபோது, அக்கா மண்ணைக் கையாலேயே தள்ளிப் பிள்ளையை எடுத்தாள். என் மடியில் போட்டாள். மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே நடந்தாள். அலறுகிற பிள்ளையை அணைத்தபடி நானும் பின்னால் ஓடினேன். வேலிக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அவள் புல்தரையைக் குறுக்கே வெட்டினாள். துரை குடையோடு ஓடிவந்தார்.

"ஏய்! இந்தப் புல்லு எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?"

"எம்புள்ள எங்கிருந்து வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா தொரை?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெட்டி முடித்ததும் தண்ணீர் மறுபக்கத்து ஓடைக்குத் திரும்பியது. மற்ற வீடுகள் தப்பின.

மறுவாரம், புல்தரையை வெட்டியதற்காக அவள்மேல் விசாரணை. வாய்க்கால் தண்ணீரில் சுவர் விழுந்ததை அறிந்த சாட்சி என்று என்னைக் கூப்பிட்டார்கள். "நான் புள்ளக்காம்பராவுல இருந்தேனுங்க. ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அவளுக்கு வேலை போயிற்று.

திருப்பூருக்குப் போகிற அன்று பிள்ளைகளின் துணியை வாங்க வந்தாள். ஏசுவாள் என்று தலை குனிந்து நின்றேன். "நீ என்ன செய்வ, விடு" என்றாள். ஏசியிருந்தால் இத்தனை வருஷம் தூங்கியிருப்பேன். சின்னவன் விந்தி விந்தி நடந்து போனான். அப்புறம் அவர்களை நான் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் வாடியது.

"இங்க லைன் இருந்துச்சுங்களா? முன்ன வெறும் காடுன்னுதானுங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

காடா! அவள் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனேன். லைன் இல்லை. பிள்ளைக்காம்பரா இல்லை. பெண்கள் குடத்தோடு வரிசை நின்ற குழாயடி இல்லை. எல்லாவற்றின் மேலும் கல் பாவி, கார் நிறுத்தியிருக்கிறார்கள். யார் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ராசம்மா அக்காவின் அடுப்படி இருந்த இடம் வந்ததும் நின்றேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தது.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்குங்க. வண்டி எடுக்கணும்."

ஒதுங்கினேன். அதுதான் இன்னும் எரிகிறது.