மூடாமல் வைத்த ஊற்று

கள் குடித்துவிட்டுத்தான் அப்படிக் கோணிக் கோணி நடந்தாள் என்று சொல்வது அபாண்டம். வெள்ளையம்மா கள்ளின் வாடைக்கே மூக்கைப் பொத்துகிறவள். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே அவள் கால் போகும். பள்ளத்தில் விரல் நனையத் தண்ணீர் நின்றால் போதும். குதிகாலை வைத்து ஒரு திருகு. மண் மூடிக்கொள்ளும். அடுத்த பள்ளம் இடப்பக்கம் இருந்தால் இடப்பக்கம், வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம். இப்படிப் போகிறவள் நேராக எப்படி நடப்பாள்?

"பேய் புடிச்ச காலுடி அது" என்று, தோட்டக் கூலிகள் வரிசையாய்க் குடியிருந்த லயத்தில் சிரித்தார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அது அவளுடைய வேலை.

இலங்கையில் மாவனல்லைப் பக்கத்து ஆத்தடி ரப்பர்த் தோட்டத்தில், கொசுவை ஒழிக்க ஆற்றுக் குட்டைகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவள் அவள். நெட்டையான உடம்பு, இடுப்பில் படங்குச் சாக்கு, இடக்கையில் எண்ணெய்த் தகரம், வலக்கையில் சிரட்டை அகப்பை. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் கையில் மண்ணெண்ணெய் நாற்றம் போகாது. அதனால் சோற்றைக் கையால் தொடமாட்டாள். பலா இலையை மடித்து, ஈர்க்குச்சி குத்தி, அதிலேதான் அள்ளிச் சாப்பிடுவாள். குட்டைகளோடு பேசுவாள். "வாடி, ஒனக்கும் எண்ண தேச்சு விடுறேன். சிலுப்பாத, கண்ணுல பட்டுரும்" என்று பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் ஊற்றுவாள். தண்ணீரின்மேல் எண்ணெய் வானவில்லாய் விரியும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மா ஓயா ஆறு மணலும் பாறையுமாகக் கிடந்தது. லயத்துக்கு மலைத் தண்ணீர் கொண்டுவந்த பீலி வற்றிப்போய், ஆற்று மணலில் ஊற்று தோண்டித்தான் எல்லாரும் குடித்தார்கள். அதில் ஒரு பழக்கம் இருந்தது. குளிர்காய்ச்சல் கண்டவருக்கு, ஊரார் அள்ளுகிற ஊற்றுத் தண்ணீர் ஆகாது. அவர் பேருக்குத் தனியாக ஒன்று தோண்டவேண்டும். அவர் எழுந்து நடக்கும்வரை அதன் கண்ணைத் தூர்க்கக் கூடாது. தூர்த்தால் அவர் மூச்சையே தூர்த்தது போல. எழுந்து நடந்த பிறகும் யாரும் தூர்க்கவில்லை என்பது வேறு விஷயம். லயத்தில் அறைக்கு அறை, காம்பராவுக்குக் காம்பரா காய்ச்சல், ஆளுக்கோர் ஊற்று. ஐப்பசி முடிவதற்குள் ஆற்று மணல் அம்மை வார்த்த முகம்போல் ஆகிவிட்டது.

வெள்ளையம்மாவின் மகள் பேச்சிக்கு ஆறு வயது. அவளுக்குத் தோண்டிய ஊற்றுதான் அந்த ஆற்றிலேயே அழகானது. சுற்றிலும் கூழாங்கல் பதித்து, விழுந்த இலையை உடனுக்குடன் எடுத்து, அடிமணல் பளிச்சென்று தெரியும்படி வைத்திருந்தாள். காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் பேச்சி போய்விட்டாள். அடக்கம் முடிந்த நான்காம் நாள் தாய் எண்ணெய்த் தகரம் ஏந்தி ஆற்றில் நின்றாள். கல்நெஞ்சுக்காரி என்று அதற்கும் பேசினார்கள். அந்தக் காம்பராவுக்குள் தனியாக உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? பேசினவர்கள் ஒரு பொழுது அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் நாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்குக் கொய்னா மருந்தை ஊற்றிவிட்டு, விழுங்கியாயிற்றா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்கிறவர். குட்டைக்கு எண்ணெய் ஊற்றவேண்டும், லயத்துக்கு ஓர் ஊற்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடவேண்டும் என்பது அவர் உத்தரவு. வெள்ளையம்மா குட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டாள், ஊற்றுகளைத் தொடவில்லை. ஒருநாள் காலையில் அவரே ஆற்றுக்கு இறங்கி வந்துவிட்டார்.

"ஏன் இந்தக் கிடங்கு ஒண்டையும் மூடேல்லை?" என்று ஊற்றுக் குழிகளைக் காட்டிக் கேட்டார்.

"அதெல்லாம் நோயாளிங்க ஊத்துங்க, ஐயா. கண்ணாடியாட்டம் தண்ணி. கொசு சாக்கடையிலல்ல பொறக்கும்?"

"அப்பிடியோ? இருக்கிறதுக்குள்ள வடிவான ஒண்டைக் காட்டு, பாப்பம்."

பேச்சியின் ஊற்றுக்குப் பெருமையோடுதான் கூட்டிப்போனாள். அன்று காலையிலும் அதில் விழுந்திருந்த ரப்பர் இலைகளை அவள் எடுத்துப் போட்டிருந்தாள். அவர் குனிந்து, வெள்ளைப் பீங்கானில் ஒரு வாய் தண்ணீர் மொண்டு அவள் முகத்தருகே நீட்டினார்.

நூலை நறுக்கிப் போட்டதுபோல், குட்டிப் புழுக்கள் தண்ணீரின்மேல் படுத்துக் கிடந்தன. அவர் பீங்கானை லேசாகத் தட்டினார். அத்தனையும் துள்ளின.

"நுளம்புக் குஞ்சு. நீ சொல்லுற கொசுதான். இந்தக் காய்ச்சலைக் காவுற நுளம்புக்குச் சாக்கடை வேண்டாம். தெளிஞ்ச தண்ணியும் வெயிலும் இருந்தாக் காணும்."

வெள்ளையம்மா பீங்கானையே பார்த்தாள். விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எம் மக குடிச்ச தண்ணிங்க, ஐயா."

"குடிச்சதால ஒண்டும் இல்லை. இதிலயிருந்து பறந்து போறதுகள்தான் ஆளைக் கடிக்குது."

"பறக்க எத்தன நாளு ஆகும்?"

"பத்து, பன்னிரண்டு நாள்."

பேச்சி போய் இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்தொரு நாளும் அவள் அந்த ஊற்றை, மகள் தலையைக் கோதுவதுபோல், கையால் துழாவித் துழாவிச் சுத்தம் செய்திருந்தாள். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டிஸ்பென்சர் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்தபோது எண்ணெயைத் தொடவில்லை. இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் போட்டாள். பதித்த கூழாங்கற்களையும் உள்ளே தள்ளி, மேலே ஏறி நின்று மிதித்தாள். பிறகு பக்கத்து ஊற்று. பிறகு அதற்கடுத்தது. பொழுது சாயும்போது லயத்துக்கொன்றாக மூன்று ஊற்றுகள்தான் ஆற்றில் மிஞ்சியிருந்தன.

அன்று மூடியவற்றில் மாடசாமியின் ஊற்றும் ஒன்று. பக்கத்துக் காம்பராக் கருப்பாயியின் புருஷன் அவன். பத்து நாளாகக் காய்ச்சலில் கிடந்தான். ஊற்றை மூடிய மூன்றாம் நாள் அவனும் போனான்.

கருப்பாயி தலைவிரி கோலமாக வந்து வாசலில் நின்றாள்.

"எம் புருசன் மூச்ச அடச்சிட்டியேடி, சண்டாளி! ஒம் மக போன வயித்தெரிச்சலு இன்னும் அடங்கலையா?"

டிஸ்பென்சர் சொன்னார் என்று வெள்ளையம்மா அவர் தலையில் போட்டிருக்கலாம். போடவில்லை.

"மூடுனதுக்குத் திட்டாத, அக்கா. இருவத்தோரு நாளு ஒரு ஊத்த மூடாம வச்சு வளத்தேன் பாரு, அதுக்குத் திட்டு."

யாருக்கும் அது விளங்கவில்லை. "பாத்தியா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா" என்றார்கள். அதற்குப் பிறகு அந்த லயத்தில் அவளுக்கு அடுப்புக்கு ஒரு கொள்ளி நெருப்புத் தர ஆள் இல்லை. அவள் வந்தால் ஊற்றடியில் குடங்கள் நகர்ந்தன. கார்த்திகை போய் மார்கழியும் போயிற்று. கங்காணி ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "கேகாலப் பக்கத்துத் தோட்டத்துல எண்ணெ ஊத்த ஆளு கேக்குறாங்க, தாயி. அங்கிட்டுப் போயிரு. இங்க இருந்து என்ன சொகத்தக் கண்ட?" என்றார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

தை மாதத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்த நாளில், விடியற்காலையில் ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. பால் மாடுகள் அப்போதுதான் லயத்து முற்றத்தைக் கடந்து போயிருந்தன. தலையில் மூட்டை, கையில் தகரம். காம்பராவுக்கு இரண்டு பேராக வாசலில் நின்று பார்த்தார்கள். நேரே பாதையில் இறங்கியிருந்தால் நான்கு எட்டில் போயிருப்பாள்.

அவள் மூட்டையை இறக்கிவைத்தாள். தன் வாசலில் கிடந்த குளம்புப் பள்ளத்தில் குதிகாலை வைத்துத் திருகினாள். அடுத்தது. அதற்கடுத்தது. குனிந்த தலை நிமிரவில்லை. பள்ளம் போன வழியே போய்க் கருப்பாயியின் வாசலுக்கு வந்துவிட்டாள். கடைசிப் பள்ளம் கருப்பாயியின் காலடியை ஒட்டி, நிறையத் தண்ணீரோடு இருந்தது. வெள்ளையம்மா நின்றாள்.

கருப்பாயி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மாவின் குதிகாலுக்கு இடம் விட்டு, காலை மட்டும் பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.