டிவிக்கு அடியில் ஒரு தையல் மிஷின்

சென்ற வாரம் ராஜபாளையத்தில், பழைய காலத்து வீடு மாதிரி ஜோடித்து வைத்திருக்கும் ஒரு புது ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு, நானும் அக்காவும் கை கழுவப் போனோம். வாஷ்பேசினைத் தையல் மிஷின் ஸ்டாண்டின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா குழாயைத் திறக்கும்போதே அவள் கால் தானாக மிதியின் மேல் போய்விட்டது. பேசின் லேசாகக் குலுங்கியது. சர்வர் ஓடி வந்தார்.

"மிதிக்காதீங்கம்மா!"

அக்கா சிரித்தாள். எனக்குத்தான் கோபம் வந்தது. என்னுடைய கோபம், உள்ளுக்குள் முழங்கிவிட்டு பில்லோடு டிப்ஸும் வைத்துவிட்டு வருகிற ரகம். ஆனாலும் இந்த 'மிதிக்காதே' என்ற சொல்லோடு எனக்கு எண்பதுகளிலிருந்தே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அக்காவுக்கு மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர். சீரில் தையல் மிஷினும் வேண்டும் என்று பேச்சு. அந்தக் காலத்தில் மிஷின் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் பலருக்கு, அது தைக்கக்கூடிய பொருள் என்றே தெரியாது என்பது என் சந்தேகம். பீரோ, கட்டில், மிஷின் என்று வரிசையில் நின்றால் போதும். வாங்கக் கிளம்பியதோ அப்பாவும் சித்தப்பாவும். இருவருக்கும் அறுந்த பட்டனைத் தைக்கத் தெரியாது.

"நானும் வாரேன்" என்றாள் அக்கா.

"கல்யாணப் பொண்ணு கடை கடையா ஏறுனா நல்லாருக்காதும்மா" என்றார் சித்தப்பா.

"மிதிக்கப் போறது நீங்களா சித்தப்பா, நானா?"

தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள், எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய மிஷினில். சித்தப்பா வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டார். பின்னாலேயே நானும் ஒட்டிக்கொண்டேன்.

மிஷின் எண்ணெய் வாசனை இன்றைக்கும் என்னை அந்தக் கடைக்குக் கொண்டுபோய்விடும். சித்தப்பா தேங்காய் வாங்குவது போல மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்பாவுக்குத் தங்க நிறத்தில் பூப்போட்ட மிஷின் பிடித்துவிட்டது. அக்காவோ பையிலிருந்து இரண்டு துண்டுத் துணிகளை எடுத்தாள். ஒன்று வாயில் சேலையில் வெட்டிய மெல்லிய துணி. இன்னொன்று எதிர்வீட்டுப் போலீஸ்காரரின் காக்கி. ஊசிக்குக் கீழே துணியை அமுக்கிப் பிடிக்குமே, இரண்டு விரலை நீட்டிய மாதிரி ஓர் இரும்புத் துண்டு, அதைக் கடையில் 'பிரஷர் ஃபுட்' என்பார்கள். அதை மெல்லிய துணிமேல் இறக்கிவிட்டு, துணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் வழுக்கியது. தங்கப்பூ தள்ளுபடி. அடுத்த மிஷின் காக்கியில் ஏறும்போது முக்கித் திணறியது. அதுவும் தள்ளுபடி.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. "மாப்பிள்ளையக்கூட நீ இப்பிடிப் பாத்திருக்க மாட்டியேம்மா!"

"அவியளத்தான் தச்சுப் பாக்க விடலையேண்ணே."

அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில் பூவே இல்லாத ஒரு கறுப்பு மிஷின் தேறியது. கூடவே ஒரு சின்னத் தகரப் பெட்டி. அதற்குள் ஓரம் மடித்துத் தைக்க ஒரு ஃபுட், ஜிப் வைக்க ஒற்றை விரல் ஃபுட். அந்தப் பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

புகுந்த வீட்டில் மிஷினை மடக்கிப் பலகையாக்கி, அதன்மேல் கலர் டிவியை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைத் தொடருக்குத் தெருவே வந்து உட்காரும். வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கூட்டத்தில் ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறிப் போன நானும் உண்டு. அக்கா ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். கால் சும்மா இராது.

"ஏட்டி, மிதிக்காத. படம் ஆடுது பாரு!" என்பார் அவள் மாமியார். "செத்த நேரம் தச்சுக்கிடவா அத்தை?" என்று கேட்டால், "நம்ம வீட்டுக்குத் தையக்காரி வீடுன்னு பேர் வரணுமா?" என்பார். அத்தானுக்கு அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளில் ஏதாவது அவசரமான விஷயம் கிடைத்துவிடும்.

அதையும் பொறுத்திருக்கலாம். நாத்தனாருக்குச் சுந்தரபாண்டியத்தில் கல்யாணம் நிச்சயமானபோது, அக்காவின் மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, புதுச் சீராக வேனில் ஏற்றிவிட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சும்மாதான கெடக்கு" என்றார்களாம். சும்மா போட்டது யார் ஐயா?

நான் கொதித்தேன். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு இடுப்புச் சாவிக்கொத்தைக் காட்டினாள். சாவிகளோடு மிஷினில் இருந்த ஃபுட்டும் தொங்கியது. அது இல்லாவிட்டால் துணி நகராது, ஊசியோடு சேர்ந்து எம்பும். தகரப் பெட்டியும் அரிசிப் பானைக்குள் போயிருந்தது.

"அங்கயும் டிவிதான் வைப்பாவ. எவளுக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

ஆடிக்கு வந்த நாத்தனார் அடுப்படியில் மெதுவாகச் சொன்னாளாம்: "மதினி, அந்த மிஷின்ல துணி நகர மாட்டேங்குது."

அக்கா சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். பெட்டியையும் கொடுத்துவிட்டாள். கேள்விப்பட்டதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏங்க்கா குடுத்த?" என்று சண்டைக்குப் போனேன்.

"அவ மிதிச்சுப் பாத்துட்டாள்லா லே. பொறவு எப்பிடிக் குடுக்காம இருக்க?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் கோபம் இருக்கிறது. அக்காவுக்கு இன்னொரு மிஷின் வாங்கித் தர அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! நாத்தனார் சில வருஷம் தைத்தாள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கடைக்குக் கடை ரெடிமேட் நைட்டி தொங்க ஆரம்பித்ததும், மிஷின் பழைய இரும்புக்குப் போய்விட்டது. காசு கொடுத்தால் தைத்ததே கிடைக்கும்போது உட்கார்ந்து தைப்பானேன் என்றார்களாம்.

ஓட்டலில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மிதி இருந்தது, சக்கரம் இருந்தது. பெல்ட் ஏறிப்போகும் ஓட்டைக்கு நேர்மேலே, பேசினில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"தம்பி, மேல இருந்த மிஷின என்னப்பா செஞ்சிய?" என்று கேட்டாள்.

சர்வர் அவளையும் பேசினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஷினாம்மா? இது வாஷ்பேசின் ஸ்டாண்டு."