முப்பத்தொரு வீட்டுக்கு ஒரே நம்பர்

எங்கள் சத்தியவேடு சபையின் ஐம்பதாம் வருஷ மலரில் ஆளுக்கொருவர் சபையார் ஒருவரைப் பற்றி எழுதணும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். நான் மூணாம் கிளாஸோடு ஸ்லேட்டை வைத்தவன். அறுநூறு போர்க்கிணறு போட்டவனுக்கு ரெண்டு பக்கம் எழுத வராதா என்று ஒப்புக்கொண்டேன். நான் எழுதப்போவது கமலம்மாவைப் பற்றி. அது என்னைப் பற்றியும் ஆகிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கமலம்மா இருபத்தாறு வருஷமாக எங்கள் கோயில் மணி அடிப்பவள். புருஷன் செத்த வருஷம் அந்தக் கயிற்றைப் பிடித்தாள். மழையோ ஜுரமோ, ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மணி கேட்கும். கடிகாரம் பார்க்கத் தெரியாது. சென்னைக்குப் போகிற பஸ் முக்குத் திரும்பும் சத்தம்தான் அவளுக்கு நேரம். யாரிடமும் கை நீட்டாதவள். ஒரே பிள்ளை, தயாகர்.

என்னை எல்லாருக்கும் தெரியும். போர் முனிரத்தினம். நாகலாபுரத்திலிருந்து தடா வரைக்கும் எந்த நிலத்தில் தண்ணீர் வந்தாலும் அதில் பாதி என் வண்டி போட்ட போராக இருக்கும். தெலுங்குக்காரர்கள் பெத்தாயனா என்பார்கள், பெரியவர் என்று அர்த்தம். இந்த ஊருக்கு முதல் செல்போன் டவர் வந்தபோது வாங்கின நம்பர், இன்றுவரை மாற்றவில்லை. அதனால் கேஸ் புக்கா, ரேஷனா, பேங்கா, எங்கே நம்பர் கேட்டாலும் எங்கள் ஜனங்கள் என் நம்பரைத்தான் எழுதுவார்கள். "பெத்தாயனா நம்பர் போடு, அது எப்பவும் எடுக்கும்." எனக்கு அதில் பெருமைதான், ஏன் மறைக்கணும்? சபை ரிஜிஸ்டரில் மட்டும் முப்பத்தொரு வீட்டுக்கு என் நம்பர்.

தயாகர் என் வண்டியில் நாலு வருஷம் வேலை செய்தான். ஆறு வருஷத்துக்கு முன் நாகலாபுரத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் நானூறு அடி போனபோது ராடு நழுவி உள்ளே விழுந்துவிட்டது. போர் பாழ். தோட்டக்காரர், கூலி ஆட்கள், எல்லார் எதிரிலும் அவனை அறைந்தேன். "துன்றதுக்குத்தான் லாயக்கு" என்றேன். அவன் கமலம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். "பெரியவர் அடிச்சா என்னா, நைனா மாதிரி" என்று அவளும் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் போனவன்தான். திருப்பதியில் ஏசி ரிப்பேர் செய்துக்கினு இருக்கிறான் என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

இந்த வருஷம் வெப்சைட் வந்தது. முன்னால் ஜெப விண்ணப்பங்களை வாட்ஸப் குரூப்பில் போடுவோம். ஒரு வீட்டு மருமகள் போட்டதை யாரோ அவள் மாமியாருக்கே அனுப்பிவிட்டார்கள். பெரிய ரகளை. அதனால், சபை அங்கத்தினர் மட்டும் பார்க்கிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிற ரோஹிணி சொன்னாள். கெட்டிக்காரப் பெண். ரிஜிஸ்டரை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

அவள்தான் கமலம்மாவிடம் சொன்னது. "ஆன்ட்டி, தயாகர் அண்ணன் ஞானஸ்நான சர்ட்டிபிகேட் கேட்டு எனக்கு மெசேஜ் போட்டாரு. கல்யாணமாம். சைட்ல சேந்துட்டாரு. நம்பரை யாருக்கும் தராதேன்னாரு. ஆனா ஜெபப் பக்கத்துல எழுதினா கட்டாயம் பாப்பாரு."

கமலம்மா அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து, "அண்ணா, ஒரே ஒரு வார்த்த எழுதணும், அவன் கண்ல படணும்" என்றாள். "நான் இருக்கறேன், கவலைப்படாத" என்றேன். எப்போதும் சொல்வதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரோஹிணி திரை கட்டி விளக்கினாள். ரிஜிஸ்டரில் உள்ள நம்பரைப் போடணும், அந்த போனுக்கு ஆறு எண் வரும், அதைப் போட்டால் கதவு திறக்கும். எல்லாரும் போட்டார்கள். அவ்வளவுதான், என் சட்டைப் பாக்கெட்டில் தேனீக்கூடு மாதிரி உறுமல் ஆரம்பித்தது. ஒன்று, ரெண்டு, பத்து, இருபது.

"பெத்தாயனா, என்னுது வந்துச்சா?"

"வந்துச்சு. நாலு ஏழு சைபர்..."

"அது என்னுதுங்க!"

"இல்ல, என்னுது, நான்தான் மொதல்ல அமுக்கினேன்!"

நான் வந்ததையெல்லாம் கணீரென்று படித்தேன். யாருடையது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எப்படியோ எல்லாருக்கும் திறந்தது. ரோஹிணிக்கும் மூச்சு விட நேரமில்லை, அதனால் அவள் திரையைச் சரியாகக் கவனிக்கவில்லை. கமலம்மா சொல்லச் சொல்ல அவளே எழுதிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ஒருத்தர் நல்லெண்ணெயோடு வந்தார். "முட்டி வலியாமே உங்களுக்கு?" எனக்கு முட்டி கல் மாதிரி இருக்கிறது. அடுத்து ஒரு அம்மா வந்து என் தலைமேல் கை வைத்து, எனக்குக் குழந்தை பாக்கியம் கிடைக்கணும் என்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள். எனக்கு வயசு எழுபத்தொன்று. என் சம்சாரம் ரத்தினம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, 'என் புருஷன் குடியை விடணும்'னு எழுதியிருக்கியே, யாருய்யா உன் புருஷன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரோஹிணி சாயங்காலம் வேலையிலிருந்து ஓடி வந்தாள். "தாத்தா, ஒரு நம்பருக்கு ஒரு ஆளுன்னு வெச்சிருக்கேன். முப்பத்தொரு வீடும் உங்க பேர்ல உள்ள போயிருக்கு. யார் என்ன எழுதினாலும் நீங்க எழுதின மாதிரி வருது."

"அப்ப சபையே நான்தான்றியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. கமலம்மா எழுதினதைக் காட்டினாள். மேலே 'முனிரத்தினம், சபை மூப்பர்'. கீழே:

'தயாகரு, அன்னிக்கு நடந்தது தப்புதான். மனசுல வெச்சிக்காத. முட்டி வலி, முன்ன மாதிரி ஏறி எறங்க முடியல. ஒரு தடவ வந்து மூஞ்சி காட்டிட்டுப் போ.'

பின்னாலேயே கமலம்மா வந்து நின்றாள். "அண்ணா, உன் பேர்ல போச்சாமே. உன் பேரப் பாத்தாலே மூடிடுவானே. இனிமே அவன் எங்க வரப்போறான்?"

"அழிச்சிடு ரோஹிணி" என்றேன்.

"படிச்சிட்டாரு தாத்தா. மத்தியானமே படிச்சிட்டாரு."

எத்தனையோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தவன் நான். இந்தக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. நான் சொல்லாத வார்த்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

புதன்கிழமை, நாகலாபுரம் வழியாக வருகிற பஸ் போன கொஞ்ச நேரத்தில் என் கேட்டில் ஒரு ஆள். தாடி வைத்திருந்தான். முதலில் அடையாளம் தெரியவில்லை. கையில் முட்டிக்குப் போடுகிற பட்டை.

"மாமா, வலி எப்பிடி இருக்குது?"

தயாகர். நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறான், அம்மா வீட்டுக்குக் கூடப் போகாமல்.

"நீ தப்புன்னு எழுதுவேன்னு நான் நெனைக்கவே இல்ல மாமா. மூணு தடவ படிச்சேன். அங்கியே லீவு கேட்டுட்டேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அவன் இருப்பான். ஆனால் கமலம்மாவின் வார்த்தையை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். உண்மையைச் சொன்னால் திரும்பிப் போய்விடுவானோ? ரத்தினம்மா உள்ளேயிருந்து என்னையே பார்த்துக்கினு நின்றாள்.

"அது உங்கம்மா சொன்னதுடா. நம்பர்தான் என்னுது. முட்டி வலியும் அவளுக்குத்தான்."

அவன் முகம் வாடிவிட்டது. "தப்புன்னு எழுதினது?"

"அதுவும் அவதான்."

அவன் பட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். கேட்டுப் பக்கம் திரும்பினான். அப்போது எனக்கு என்ன ஆனதோ தெரியாது, இந்த ஆறு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"தயாகரு, ராடு உன் கையால விழல. அதைக் கவ்விப் பிடிக்கிற ஸ்பானர்ல பல்லு தேஞ்சிருந்துச்சு. அது எனக்குத் தெரியும். அந்த வாரம் மாத்தலாம்னு இருந்தேன். தோட்டக்காரர் எதிர்ல என் வண்டி பேர் கெடக்கூடாதுன்னு உன்ன அடிச்சேன்."

கேட்டுப் பக்கம் போனவன் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தான். அப்புறம், "அன்னிக்கே எனக்கும் தெரியும் மாமா. பல்லப் பாத்தேன்" என்றான்.

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

ரத்தினம்மா காபி கொண்டுவந்தாள். குடித்தான். பிறகு ரெண்டு பேரும் கமலம்மா வீட்டுக்கு நடந்தோம். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கினு இருந்தாள். முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "இளைச்சிட்டியேடா" என்றாள். அவன் உட்கார்ந்து அவள் முட்டியில் பட்டையை மாட்டிவிட்டான். கல்யாணம் எங்கள் கோயிலில்தான் என்று முடிவானது. அன்றைக்கும் மணி அவள்தான் அடிப்பாளாம், வேறு யாரையும் கயிற்றைத் தொட விடமாட்டாளாம்.

இப்போது கமலம்மாவுக்குத் தனி போன், தனி நம்பர். ரோஹிணி என் வீடு போக மீதி முப்பது வீட்டிலிருந்தும் என் நம்பரை எடுத்துவிட்டு, அவரவர் எழுதினதை அவரவர் பேருக்கு மாற்றினாள். என் பாக்கெட் ஓய்ந்துவிட்டது. நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

கமலம்மாவின் வரிகளை மாற்றப் போகும்போது மட்டும் நான் தடுத்தேன். "அது என் பேர்லயே இருக்கட்டும்."

"அது நான் சொன்னதுண்ணா" என்றாள் கமலம்மா.

"ஆமா. நானும் சொல்லிட்டேன் இல்ல?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு பேர் பேரும் போடும்மா" என்று ரோஹிணியிடம் சொன்னாள். அதற்கு வெப்சைட்டில் இடமில்லையாம். இடம் பண்ணச் சொல்லியிருக்கிறோம்.