தேவியின் கையில் இருக்கும் மணி

என் தங்கை தேவியின் இடது முன்கையில் பச்சை குத்தியிருக்கும் 'மணி' என்ற பெயரை எடுப்பதற்காகப் போன வாரம் திருச்சிக்குப் போய் வந்தோம். பெயர் இன்னும் கையில்தான் இருக்கிறது.

மணி அவளைக் கட்டியவன். அடித்துத் துரத்தினான், விவாகரத்தும் முடிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் சமயபுரத்துத் திருவிழாக் கடையில் அவனே அவள் கையைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்த பெயர் அது. தேவி அவன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. நேரம் கேட்பதென்றால்கூட "எத்தனை ஆச்சு?" என்பாள்.

இத்தனை நாள் நீளக்கை ஜாக்கெட்டில் ஓட்டினாள். அவசரம் வந்தது அவள் மகளால். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பன் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. புத்தகத்தில் கோயில் மணி படத்துக்குக் கீழே எழுத்துக்கூட்டிப் படித்தவள், வீட்டுக்கு வந்து அம்மாவின் கையைத் திருப்பி, "உன் கையிலயும் மணி இருக்கும்மா" என்றிருக்கிறாள்.

"யாருன்னு கேக்குறதுக்குள்ள எடுத்துடணும்ண்ணே" என்றாள் தேவி.

நான் உப்பிலியபுரத்தில் வெங்காய வியாபாரம் செய்கிறேன். காலை ஆறரைக்கு பஸ் ஏறி, துறையூரில் மாறி, மண்ணச்சநல்லூர் வழியாகத் திருவானைக்காவலில் இறங்கும்போது ஒன்பது. ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஸ்ரீரங்கத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நூறு கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டாட்டூ கடை. கடைக்காரர் கையைப் பார்த்தார்.

"கத்துக்குட்டி குத்துனதுங்க இது. அழிக்கிறதெல்லாம் நம்மகிட்ட இல்ல. பக்கத்துல சங்கிலியோட ஒரு கோயில் மணி வரஞ்சு விட்டுடறேன். சாமி விஷயமா ஆயிடும். ஆயிரத்து ஐநூறு குடுங்க."

எனக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆயிரத்து இருநூறுக்குக் கொண்டுவந்தும் விட்டேன். தேவி எழுந்துகொண்டாள்.

"அவனுக்குக் கோயில் வேற கட்டணுமாண்ணே?"

கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அங்கிருந்து புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு. காவிரிப் பாலத்தில் நெரிசல் உண்டு, நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். தோல் மருத்துவர் ஒரு அம்மா. பெயரைச் சுற்றியிருந்த வெந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"பேரு அழியும்னு சேங்கொட்டைப் பால் தடவுனேங்க."

"யாரு தடவச் சொன்னா?"

"எல்லாரும்தாங்க."

லேசர் என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, எட்டு முறையாவது வர வேண்டும். முறைக்கு மூவாயிரம். வெந்த தோலில் மை முழுதாகப் போகாது, நிழல் நிற்கலாம் என்றார்.

"அதுக்குள்ள புள்ள புத்தகத்தையே முடிச்சிடுவா டாக்டர்."

இன்னொரு வழி, அந்தத் தோலையே வெட்டி எடுத்துத் தைப்பது. இரண்டே எழுத்து என்பதால் முடியும்.

"ஆனா கோடு ஆயுசுக்கும் இருக்கும். கத்தி பட்ட மாதிரியே தெரியும். பரவாயில்லையா?"

"அருவாமனை பட்டுச்சுன்னு சொல்லிக்கிறேங்க. நம்பிடுவா."

டாக்டர் அவள் கையை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார்.

இதே காரியமாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சேங்கொட்டை, சுண்ணாம்பு, ஆன்லைனில் விற்கும் கிரீம் எதையும் தொடாதீர்கள். பின்னால் வரும் வைத்தியத்தையும் அவை கெடுக்கும். பெரிய டாட்டூவை வெட்ட முடியாது, லேசர்தான். முதல் நாள் பார்த்துச் சொல்வதோடு சரி, இரண்டு நடை ஆகும். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எப்படிப் போனாலும் பழைய தோல் திரும்பக் கிடைக்காது. அதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

பேசி முடித்தது இதுதான்: வரும் புதன்கிழமை வெட்டி எடுப்பது. பதினெட்டாயிரம், பாதி முன்பணம், மருந்து தனி. தையல் பிரிக்கும்வரை பாத்திரம் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தூக்கக் கூடாது. தழும்பு தடித்தால் மருத்துவமனை பொறுப்பில்லை. நான் குறைத்துக் கேட்க வாயெடுப்பதற்குள் தேவி எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டாள்.