ஒரே தட்டு நாற்று, மூன்று வீட்டுத் தக்காளி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் சின்னப் பொட்டலத்தைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். அதில் இருப்பது தக்காளி விதை. எங்கள் நைனா தம் கையால் சாம்பலில் புரட்டிக் காயவைத்தது. அவர் கர்த்தருடைய வீட்டுக்குப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவருடைய ஒரே மகளாகிய நான், அண்ணன், தம்பி இருவரின் அனுமதியோடு இதை எழுதுகிறேன். அனுமதி தராவிட்டாலும் எழுதியிருப்பேன், அது வேறு விஷயம்.

நைனா கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனை இழந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, மின்வாரியத்தில் லைன்மேன் ஆனார். ஒரு மழைநாளில் கம்பத்திலிருந்து விழுந்ததில் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அந்தக் கையோடு ஓய்வு பெறும் வரை கம்பம் ஏறினார். "கரண்ட் போச்சின்னா ஜனம் என்னத்தானே திட்டும், கம்பத்தையா திட்டும்?" என்பார். அம்மா மறைந்தபின் சித்தூரில் அண்ணனோடு இருந்தார். பிள்ளைகள் மூவரையும் ஒரே கண்ணாகப் பார்த்தவர் என்று இன்று எல்லாரும் சொல்கிறீர்கள். ஒரு காலத்தில் நான் அதை நம்பவில்லை.

காரணம் இந்தத் தக்காளி. அம்மா பிறந்த வீட்டு வழி வந்த நாட்டுத் தக்காளி இது. தட்டையாக, இடுப்பில் மடிப்பு விழுந்து, நல்ல புளிப்போடு இருக்கும். ஓய்வு பெற்றபின் நைனா வருடா வருடம் விதை எடுத்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தார். சித்தூரில் அண்ணன் வீட்டுப் பின்புறம் செம்மண். காய் கெட்டியாக, கொத்துக் கொத்தாக வந்தது. கார்வேட்டிநகரத்தில் தம்பி கரண்ட் வரும்போதுதான் தண்ணீர் பாய்ச்சுவான். பழம் பெரிசு, தலையில் வெடிப்பு. திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூரில் என் மாடித் தொட்டியிலோ இடுப்பளவு செடி, கரும்பச்சை இலை, காய் மட்டும் இல்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டேன். "கீரை சூப்பரா வந்துக்கீது" என்று அண்ணி பதில் போட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நைனாவுக்குப் போன் போட்டேன்.

"நல்ல வெதைய அண்ணனுக்கு வச்சிக்கினு, சொத்தைய எனக்குக் குடுத்தியா நைனா? பொண்ணுன்னா எளக்காரமா?"

"சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா போனை வைத்துவிட்டார்.

என் மனசில் இருந்தது தக்காளி மட்டும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி இருபது வருடத்தில் நைனா ஒருநாள்கூட என் வீட்டில் தங்கியதில்லை. வருவார், காப்பி குடிப்பார், சாயங்காலப் பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொள்வார். கேட்டால், "பொண்ணு வூட்ல குந்திக்கினு துன்னா ஊரு சிரிக்கும்" என்பார். மகன்கள் வீடு அவருக்கு வீடு, என் வீடு பஸ் நிறுத்தமா என்று எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

அடுத்த பருவத்துக்கு நைனா ஒரே தட்டில் நாற்று விட்டு, மூவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தூருக்கு வரச்சொன்னார். தட்டை என் முன்னால் வைத்து, "மொதல்ல நீ பொறுக்கிக்கோ. அப்பால அவனுங்க" என்றார். விட்டேனா? தடித்த தண்டாகப் பார்த்துப் பன்னிரண்டு நாற்றுகளை எடுத்தேன். தம்பி முணுமுணுத்தான். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அந்த முறையும் என் மாடியில் இலைதான். பூ பூக்கும், உதிரும். நானே பொறுக்கிய நாற்று. யாரோடு சண்டை போடுவது? படமே போடவில்லை. பதினைந்து நாள் பார்த்துவிட்டு நைனா கூப்பிட்டார். "இன்னாமா, போட்டோவையே காணோம்?" நான் போனிலேயே அழுதுவிட்டேன். "இரு, வரேன்" என்றார்.

மறுநாள் வந்தார். தோளில் துணிப்பை, இரண்டு கையிலும் இரண்டு கேன். "சித்தூரு தண்ணி. ஒன் போர் தண்ணி உப்பும்மா, அதான் காய்க்கல" என்றார். பஸ்ஸில் கண்டக்டர், கேனுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லிக் கிண்டல் செய்தாராம். அதன்பிறகும் இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் கேனோடு வந்து, சாயங்காலப் பஸ்ஸில் திரும்பி, சித்தூர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அண்ணனோ போனில், "திருப்பதில தண்ணி இல்லன்னா சித்தூர்லேர்ந்து கால்வாய் வெட்டலாமா நைனா?" என்று கேட்டுச் சிரித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பியதும் வழக்கம்போல மாடிக்குப் போனேன். அன்றும் கேனோடு வந்திருந்த நைனா பின்னாலேயே வந்தார்.

"கைல இன்னாது?"

"யூரியா நைனா. வாரம் தவறாம தொட்டிக்கு ஒரு கை போடறேன். அண்ணன் செடியத் தாண்டணும்ல?"

நைனா தலையில் அடித்துக்கொண்டார். "அடிப் பாவி! பச்சக் கொழந்தைக்கு மூணு வேளையும் பாயாசமா ஊத்துவாங்க? இலையாத்தான் கொழுக்கும், காய் எங்கேந்து வரும்? அவனுங்க ரெண்டு பேரும் ஒண்ணுமே போடல, காய்ச்சிது!"

பாசத்தில் செய்தது என்றும் சொல்ல முடியாது, பாதி பொறாமை. பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுமண்ணும் மக்கிய சாணமும் நிரப்பினார். அந்த மடங்காத விரல்களால் குழி பறித்துப் புது நாற்று வைத்தார். பிறகு பையை எடுக்கவில்லை. "காய் பாக்காம போவ மாட்டேன்" என்று மூன்று மாதத்துக்கு மேல் என் வீட்டில் தங்கினார். ஊர் சிரித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

அந்த வருடம், விளைந்ததை ஆலயத்தில் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு மூன்று வீட்டுப் பழமும் மூன்று தட்டில் சித்தூர் ஆலயத்துக்கு வந்தன. ஆராதனை முடிந்ததும் நைனா அண்ணனைக் கூப்பிட்டு, "ஒன்னுது எதுடா?" என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், செக்கச்செவேலென்று இருந்த தட்டைத் தூக்கினார். அது என்னுடையது! நைனா சபையார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "திருச்சானூரு தக்காளிடா அது! எம்பொண்ணு வூட்டுது!" என்று கத்தினார். போதகர் ஐயாவே சிரித்துவிட்டார். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. அண்ணியின் முகத்தைத் திரும்பிப் பார்க்கவும் நான் மறக்கவில்லை.

கடைசியில் உடம்பு முடியாமல் போனபோது நைனாவைத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பதிவு செய்யும் இடத்தில் அந்தப் பெண் தெலுங்கில் விலாசம் கேட்டாள். அண்ணன் சித்தூர் விலாசத்தைச் சொல்ல வாயெடுத்தார். நைனா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "திருச்சானூரு. மா அம்மாயி இல்லு" என்று தெலுங்கிலேயே சொன்னார். எங்கள் பெண்ணின் வீடு என்று, கூச்சமில்லாமல், சத்தமாகச் சொன்னார். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருந்தார், என் வீட்டிலிருந்துதான் போனார்.

என் வீட்டுக்கே வந்து தங்கி அவரை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், கூடவே ஓடிய தம்பிக்கும், மருத்துவர், செவிலியருக்கும், ஜெபத்தால் தாங்கிய சபையாருக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த அவருடைய லைன்மேன் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பொட்டலங்களில் இருப்பதெல்லாம் ஒரே செடி விதைதான். அடுத்தவருக்கு நல்லது, எனக்குச் சொத்தை என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படியும் உங்கள் வீட்டில் காய்க்கவில்லை என்றால் என்னைப் போலவே போன் போட்டுச் சண்டை போடுங்கள். நைனாவின் துணிப்பை என்னிடம்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன், காய் பார்க்காமல் போகமாட்டேன்.